புதுப்பிப்பு: காசிமேடு விடியல் படங்களில் முகம் கறுத்துப்போகும் சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை படம் எடுத்தால் வானம் அழகாக வருகிறது, மீன் விற்கும் அக்காக்களின் முகம் கரியாகிவிடுகிறது.

தீர்த்து வைத்தது "சூரியனை எதிரே வைக்காதீங்க, தோள்பக்கம் வைங்க" என்ற யோசனை. அங்கே கடல் கிழக்கில். அதனால் வடக்கோ தெற்கோ பார்த்து நின்றால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து கன்னம், கைநரம்பு, மீன்செதில் எல்லாம் எழுந்து நிற்கிறது. சூரியன் உதித்து 20 நிமிடத்தில் எஃப் 4 (லென்ஸ் திறப்பு), 1/500 நொடி (ஷட்டர் வேகம்), ஐஎஸ்ஓ 400 (ஒளி உணர்திறன்) சரியாக இருந்தது. ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை கன்னத்தில் வைத்து அளந்தேன். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வைத்தேன். ஆட்டோவில் விட்டால் அந்தப் பொன்னிறம் பாதி போய்விடும்.

வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படங்களை எடுத்து இணைக்கும் எச்டிஆர் இங்கே உதவவில்லை. ஆட்கள் அசைவதால் ஒரு கைக்கு இரண்டு கையாகத் தெரிகிறது. ஃபிளாஷ் போட்டால் ஈரச்செதில் வெள்ளைப் புள்ளியாக எரிகிறது.

எதிர்பாராதது ஐஸ். கூடை நிறைய நொறுக்கிய ஐஸ் இருந்தால் அதுவே ரிஃப்ளெக்டர்: தாடைக்குக் கீழும் கண்குழியிலும் இருந்த நிழலை மெதுவாக நிரப்பிவிடுகிறது. ஆனால் ஃபிரேம் முழுக்க ஐஸ் என்றால் அந்த வெண்மையில் வழக்கமான மீட்டரிங் ஏமாந்து படத்தை இருட்டாக்கும். அப்போது எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 வையுங்கள்.

படம் ஒரு கதை சொல்ல வேண்டும் என்று வந்த யோசனையும் பலித்தது. படகு, கூட்டம், காக்கை எல்லாவற்றையும் விட்டு, வஞ்சிரத்தைத் தூக்கும் கையும் அதைப் பார்க்கும் வாங்குபவர் முகமும் மட்டும். பேரம் அதிலேயே தெரிகிறது.