கோத்தகிரியிலிருந்து நகோயா: ஆகஸ்ட் விடுமுறையில் நண்பனோடு ஒரு வாரம், எப்படித் திட்டம் போடுவது?

கேர்பெட்டாக்காரன்:
கூட்டாளி ஒருத்தன் மூணு வருஷமாக ஜப்பானில், நகோயாவில் வேலை பார்க்கிறான். முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை சமயத்தில் அவன் கம்பெனிக்கு ஒரு வாரம் லீவு. கோத்தகிரியிலிருந்து நாங்கள் மூணு பேர் போகிறோம். 25 டிகிரி ஆனாலே ஃபேன் தேடுகிற கூட்டம் இது, அதனால் மலைப் பக்கமாகத் தங்க ஆசை. நாலு பேருக்கும் ரயில் பாஸ் எடுப்பதா, கார் எடுப்பதா? டீத்தூள், வர்க்கி, கறிவேப்பிலை எல்லாம் கொண்டு போகலாமா?

ரன்னிமேடு:
நாலு பேருக்கும் பாஸ் கிடைக்காது. ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில் பாஸ்) குறுகிய காலச் சுற்றுலாவாகப் போகிறவர்களுக்குத்தான். அங்கே வேலை விசாவில் இருப்பவருக்குத் தர மாட்டார்கள். உங்கள் மூணு பேருக்கும்கூடக் கட்டாது. 2023 அக்டோபரில் விலையை ஏற்றியதில் 7 நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. நகோயாவிலிருந்து மலைக்கு வாசல் மாதிரி இருப்பது மட்சுமோட்டோ. ஷினானோ எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரம், தனி டிக்கெட் சுமார் 6,000 யென்தான்.

"சேஷுன் 18 என்ற லோக்கல் ரயில் மலிவு டிக்கெட் ஒன்றை எடுத்து நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2024 குளிர்காலத்திலிருந்து ஆளுக்கொரு டிக்கெட், அதுவும் தொடர்ச்சியான நாட்களுக்கு மட்டும்.

ஓபோன் பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. நம்ம ஊர் தீபாவளிக் கூட்டம்தான். டோக்கியோ பக்கம் போவதானால், அந்த நாட்களில் நோசோமி புல்லட் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியே இருக்காது. முன்பதிவு ஒரு மாதம் முன்னால், ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நமக்கு அது 6:30. நண்பனையே போடச் சொல்லுங்கள்.

விசாவுக்கு அவன் அழைப்புக் கடிதமும் நாள்வாரிப் பயணத் திட்டமும் அனுப்ப வேண்டும். செலவை அவன் ஏற்பதானால் உத்தரவாதக் கடிதம், குடியிருப்புச் சான்று, வரிச் சான்று மூன்றும் சேரும்.

டி.என். 43:
மலைக்குள் சுற்ற நாலு பேருக்குக் கார்தான் லாபம். ஆனால் ஓட்டப்போவது யார் என்று முதலில் பாருங்கள். நண்பன் இந்தியாவில் எடுத்த இன்டர்நேஷனல் பெர்மிட் இப்போது செல்லாது. ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம்தான் அதற்கு உயிர். ஊருக்கு வந்து மூணு மாதத்துக்குள் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. அவனிடம் ஜப்பான் லைசென்ஸ் இல்லாவிட்டால் உங்களில் ஒருவர் ஊட்டி ஆர்டிஓவில் பெர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெர்மிட் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வருவதால் அங்கே ஏற்பார்கள். பெர்மிட், இந்திய லைசென்ஸ், பாஸ்போர்ட் மூன்றும் அசலாகக் கையில் இருக்கட்டும். ஜெராக்ஸைக் காட்டினால் சாவி கிடைக்காது.

வாடகை மலிவாக இருக்கிறதே என்று மஞ்சள் நம்பர் பிளேட் வண்டி எடுக்காதீர்கள். அங்கே அது 660 சிசி குட்டிக் கார். நாலு ஆளும் பெட்டிகளும் ஏறினால் மேட்டில் முனகும்.

இடது பக்க ஓட்டம்தான், கை பழகியதுதான். மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். சிவப்பு விழுந்தால் இடது பக்கமும் திரும்பக் கூடாது, 'ஃப்ரீ லெஃப்ட்' கிடையாது. ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் வண்டியை முழுசாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். குடித்தவன் ஓட்டினால், தெரிந்தே கூட ஏறியவனுக்கும் தண்டனை உண்டு.

போக வேண்டிய இடம் காமிகோச்சி என்ற மலைப் பள்ளத்தாக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரம். நகோயா 35ஐத் தாண்டும் நாட்களில் அங்கே ஸ்வெட்டர் போடலாம். சொந்தக் கார், வாடகைக் கார் எதுவும் உள்ளே போக முடியாது. மட்சுமோட்டோ பக்கமிருந்து வந்தால் சவாண்டோவில் நிறுத்திவிட்டு அரை மணி பஸ். உள்ளே போகும் வழியிலுள்ள காமா சுரங்க வாசல் ஜூலை, ஆகஸ்டில் காலை 5 மணிக்குத் திறக்கும். ஓபோனில் விடியும் முன்பே பார்க்கிங் பிடித்துவிடுங்கள்.

பர்லியார் பாக்கு:
டீத்தூள் தாராளமாக. வர்க்கியை டப்பாவில் அடைத்துக் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் போட்டால் தூள்தான் போய்ச் சேரும். ஹோம்மேட் சாக்லேட் வேண்டாம், நகோயா வெயிலில் குழம்பாகிவிடும். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். உப்புக்கண்டம், சாசேஜ் எதையும் நினைக்கவே வேண்டாம்.

எல்லாரும் கோட்டை விடுவது மாத்திரையில். சளி மாத்திரையில் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. கோடீன் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் அப்படியே. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுத்து வையுங்கள்.

கேர்பெட்டாக்காரன்:
நன்றி அண்ணா எல்லாருக்கும். காமிகோச்சியில் கரடி உண்டு என்கிறார்களே?

டி.என். 43:
உண்டு தம்பி. நம்ம ஊரில் கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய்க்கு வருகிற ரகம் இல்லை, அது வேறு ஜாதி. ஆனால் சோற்று வாசனைக்கு வரும். பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள், சாப்பாட்டைத் திறந்து வைக்காதீர்கள். இன்னொன்று: கூட்ட நாளில் திரும்பும் பஸ்ஸுக்கு வரிசைச் சீட்டு தருவார்கள். காலையில் இறங்கியதும் முதல் வேலையாக அதைக் கேட்டுவிட்டு அப்புறம் கப்பா பாலத்துக்குப் போங்கள்.