மறுமொழி: ‘எரிவாடை’ போதுமா? (கார் ஏசி கையேட்டுக்குச் சொல்)

அனைவருக்கும் வணக்கம்.

‘burning smell’ என்பதற்குக் கார் ஏசி கையேட்டில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்ற இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். வாடையா, மணமா, நாற்றமா என்றே சுற்றிக்கொண்டிருக்கிறோம். ‘எரி’ என்ற முன்பாதியை யாரும் தொடவில்லை. எனக்குச் சிக்கல் தெரிவது அங்கேதான்: ‘எரி’ என்றால் தீப்பிடித்ததாகவே படும், எது தீய்கிறது என்றும் சொல்லாது.

> ‘எரிமணம்’ எப்படி? சுருக்கமாக இருக்கிறது.

வேண்டாம். மணம் என்றால் இன்றைக்கு முகர்ந்து பார்க்கத் தோன்றும். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இப்போது அழுகலோடு சேர்ந்துவிட்டது. வாடை நடுவில் நிற்கிறது. குளிர்ந்த வடகாற்றுக்கும் அதுதான் பெயர் என்பதால் ஏசிக்குக் கூடுதல் பொருத்தம்!

> ஆங்கிலத்தில் ஒரே தொடர்தானே. நமக்கும் ஒன்று போதும்.

அவர்களுக்கு ஒன்று என்பதற்காக நம்மிடம் இருப்பதை ஏன் விட வேண்டும்? பொசுங்கல், கருகல், கமறல் எல்லாம் புதிதாக ஆக்க வேண்டிய சொற்கள் இல்லை. ஏசி போட்டால் ஏதோ தீய்கிறது என்று வருபவரிடம் மெக்கானிக் முதலில் கேட்பதே ‘என்ன மாதிரி வாடை?’ என்றுதான். கையேடும் அதையே கேட்கட்டும்.

பொசுங்கல் என்பதை ரப்பருக்கு வைக்கலாம். ஏசி பொத்தானை அமுக்கியதும் கீச்சென்ற ஒலியோடு வந்தால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட் தளர்ந்து பளபளப்பேறியிருக்கலாம். கம்ப்ரசரே உள்ளே இறுகிப்போயும் இருக்கலாம். இறுகிய கம்ப்ரசர் ஆளை ஏமாற்றும். ஏசி அணைந்திருக்கும்போது அதன் கப்பி தன் பேரிங்கின் மேல் சும்மா சுற்றும், வண்டி ஒழுங்காக ஓடும். ஏசி போட்டால்தான் கப்பி நிற்கப் பார்க்கும், பெல்ட் அதன்மேல் தேயும். இது தெரியாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதுப் பெல்ட்டும் பொசுங்கும்.

கருகல், பிளாஸ்டிக்குக்கும் மின்கம்பி உறைக்கும். ஏசி பொத்தானைத் தொடாமல் காற்றாடியை மட்டும் ஓடவிட்டாலே துவாரங்களில் கருகல் வாடை வந்தால், கம்ப்ரசரைக் குறை சொல்லாதீர்கள். புளோயர் மோட்டார் (காற்றாடியைச் சுழற்றுவது), அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், இவற்றின் இணைப்பான் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரெசிஸ்டர் வைத்த வண்டிகளில் அதைக் குளிரவைப்பது புளோயர் தள்ளும் காற்றுதான். வடிகட்டி அடைத்து, உள்ளே சருகு சேர்ந்து காற்று குறைந்தால் ரெசிஸ்டர் சுட்டுப்போகும். பிறகு குறைந்த வேகங்கள் வேலை செய்யாது, உச்ச வேகம் மட்டும் ஓடும். அந்த வேகத்துக்கு மின்னோட்டம் ரெசிஸ்டர் வழியாகப் போவதில்லை. மோட்டாரின் பேரிங் இறுகினால் அது கூடுதல் மின்னோட்டம் இழுத்து இணைப்பானை உருக்கும். மோட்டாரை மாற்றாமல் பெரிய ஃப்யூஸ் போடுகிறவர்கள் உண்டு. கருகலோடு நிற்க வேண்டியதை உண்மையான எரிதலாக்கும் வழி அது. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எண்ணெய் ஒழுகிச் சூடான புகைபோக்கிக் குழாயில் விழும்போது வருவது கமறல். தொண்டையைப் பிடிக்கும். இதில் ஏசிக்குப் பங்கே இல்லை. பெரும்பாலான கார்களில் வெளிக்காற்று முன்கண்ணாடியின் அடியிலிருந்து உள்ளே வருவதால் எஞ்சின் பக்கத்து வாடையும் கூடவே வருகிறது. உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடும் உட்சுழற்சிப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். குறைந்தால் வாடை வெளியிலிருந்து வருகிறது.

> மேக்னட் கிளச்சுக்குக் ‘காந்தப்பற்றி’ என்று ஏற்கெனவே முடிவு செய்தோமே?

செய்தோம். ஏசி போட்டதும் கப்பியைக் கம்ப்ரசரோடு காந்தத்தால் இணைக்கும் பாகத்துக்கு அந்தப் பெயரை நானும் ஒப்புக்கொண்டேன். இப்போது இந்த அதிகாரத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்: ‘காந்தப்பற்றி எரிந்தது’. படிப்பவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? பற்றிக்கொண்டு எரிந்ததாகத்தான். ‘பற்றியைப் பற்றி’ என்ற தொல்லை வேறு. ‘காந்தக் கவ்வி’ என்று மாற்றக் கோருகிறேன். கவ்வி என்பதைக் குழாய் இறுக்கும் வளையத்துக்கும் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். முன்னால் காந்தம் இருப்பதால் குழம்பாது. வினையும் இயல்பாக அமைகிறது: தட்டு கவ்வுகிறது, நழுவுகிறது. கப்பிக்கும் தட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். தேய்ந்து அது கூடினால் காந்தம் இழுத்தும் முழுதாகக் கவ்வாது, உரசிச் சூடேறும்.

இதே காரணத்தால்தான் ‘காந்தல்’ என்ற பரிந்துரையும் எனக்கு ஒத்துவரவில்லை. அடிப்பிடித்துத் தீய்ந்ததைச் சொல்லும் அருமையான சொல், ஆனால் காந்தக் கவ்விக்குப் பக்கத்தில் காந்தல் வந்தால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கவ்வியின் காந்தச் சுருள் சூடேறினாலும் வருவது கருகல்தான், ஆனால் எஞ்சின் பக்கத்திலிருந்து. ஆகவே வாடையின் பெயரோடு எங்கிருந்து, எந்தப் பொத்தானுக்குப் பிறகு என்பதையும் கேட்டே ஆக வேண்டும். அதிகாரத் தலைப்புக்கு மட்டும் பொதுவாகத் ‘தீய்ந்த வாடை’ என்று வைக்கலாம்.

ரெசிஸ்டருக்குத் தடையமா, தடையியா என்று இன்னோர் இழை தொடங்கிவிடாதீர்கள். கடையில் ரெசிஸ்டர் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும், அப்படியே இருக்கட்டும்.