பெற்றோருக்குப் பிறகு எங்கே? இல்லங்களின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

நொய்யல்கரையார்:

மாற்றுத்திறன் உள்ள பிள்ளையைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது அவனைக் கைவிடுவதற்குச் சமம் என்று இங்கே சிலர் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம். வயது இருபத்தைந்தைக் கடந்துவிட்டது. பேசும் சொற்கள் மிகச் சில. இரவில் எழுந்து தெருவுக்கு ஓடும் ஓர் இளைஞனைப் பிடித்து நிறுத்தும் வலிமை, அறுபதைத் தாண்டிய எனக்கும் என் மனைவிக்கும் இல்லை. பல்லடத்தைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் சுவரை ஒட்டியே விசைத்தறி ஓடுகிறது. ஓசையைத் தாங்க முடியாத ஒருவனுக்கு, பிறந்த வீடே வதையாகிவிடுகிறது. அறுபது பேர் தங்கும் ஓர் இல்லத்தில் அவனைச் சேர்த்திருக்கிறோம். இயன்முறை மருத்துவர் அங்கே வருகிறார், பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, எல்லாக் கூடங்களிலும் கேமரா இருக்கிறது. தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதைக் கொண்டு வீட்டோடு ஓர் ஆளை யாரால் வைத்துக்கொள்ள முடியும்? நமக்கு நல்ல, பெரிய இல்லங்கள் வேண்டும். இல்லமே கூடாது என்று சொல்பவர்கள் வேறு வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொடுமுடியாள்:

ஐயா, நீங்கள் மகனைக் கைவிட்டதாக நான் கருதவில்லை. ஆனால், தரத்திற்குச் சான்றாக நீங்கள் எடுத்துக்காட்டிய மூன்றும் ஒரு நிர்வாகம் எந்த இடத்திலும் வாங்கி வைத்துவிடக் கூடியவை. அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பியை, அம்மா மறைந்த பிறகு நாங்கள் சேர்த்த இல்லத்திலும் அவை இருந்தன. பகல் நேரப் பணியாளர்கள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காக அங்கே இரவு உணவு மாலை ஐந்தரைக்கே முடிந்துவிடும்; ஏழு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டால் விடியும்வரை படுக்கைதான். துவைத்த துணிகளைப் பொது அலமாரியில் அடுக்கிவைத்து யாருக்கு எது பொருந்துகிறதோ அதைப் போட்டுவிடுவார்கள் என்பதால், நாங்கள் வாங்கிக்கொடுத்த சட்டைகளை அவன் உடலில் நான் பார்த்ததே இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூடத்தில் மட்டும் சந்திக்கலாம். அவனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, எங்கள் மருத்துவர் எழுதித்தராத ஒரு மாத்திரை அவனுடன் வந்தது. பகலெல்லாம் தூங்கினான், கைகள் நடுங்கின.

அங்கே அவனை யாரும் அடிக்கவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: அடி விழாத இடத்திலும் ஒருவருடைய வாழ்நாளை அவரிடமிருந்து எடுத்துவிட முடியும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. குறிப்பிட்ட ஒரு வசிப்பிட ஏற்பாட்டில்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லாதிருக்க அரசு முயல வேண்டும் என்றும் சொல்கிறது. என் தம்பியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நொய்யல்கரையார்:

அதே 5-ஆம் பிரிவை முழுமையாகப் படித்துப் பாருங்கள், அம்மணி. வீட்டிலேயே கிடைக்கும் சேவை, தங்கிப் பெறும் சேவை, பிற சமூக ஆதரவுச் சேவைகள் ஆகிய அனைத்தும் கிடைக்கும்படி செய்ய அரசு முயல வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. தங்கும் இல்லத்தைச் சட்டம் ஒதுக்கிவைக்கவில்லை. உங்கள் தம்பிக்கு நேர்ந்தது வருத்தத்திற்குரியது. ஆனால் ஓர் இல்லத்தின் குறையை எல்லா இல்லங்களின் மீதும் ஏற்றுவது நியாயமாகாது.

பவானிக்கூடல்:

நான் ஈரோடு பகுதியில் சிறப்பு ஆசிரியராகப் பணியாற்றுகிறேன்; இல்லங்களுக்கும் போய்வருகிறேன். அந்த மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பேச்சு இல்லாத ஒருவர் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டால் நாங்கள் முதலில் பார்ப்பது பல், காது, வயிறு. பல்வலியும் நாள்பட்ட மலச்சிக்கலும் 'முரட்டுத்தனம்' என்ற பெயரில் பதிவாவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. காரணத்தைத் தேட ஆளும் நேரமும் இல்லாத இடத்தில், அந்த வேலையை மயக்கம் தரும் மருந்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. அறிவுசார் குறைபாடுள்ள 30,000 முதல் 35,000 பெரியவர்கள் வரை தகுந்த நோயறிதல் இன்றி மனநல மருந்துகளை அன்றாடம் உட்கொள்கிறார்கள் என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் மதிப்பிட்டது. அதைக் குறைப்பதற்காகவே அடுத்த ஆண்டு அங்கே தனி இயக்கம் தொடங்கப்பட்டது.

அண்ணா, உங்கள் மகன் காதைப் பொத்திக்கொள்வதற்கும் காதைத் திருகுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஒரு பராமரிப்பாளர் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் ஆகும். புரிந்துகொண்டவர் பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ கூடுதல் கூலி கிடைக்கிறது என்று போய்விட்டால், புதிதாக வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். இல்லத்தில் சேர்க்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இங்கே வேலை செய்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள்?' என்பதுதான். ஊதியம் சரியாக இருந்தால் ஆள் நிற்பார். ஆள் நின்றால் தரம் நிற்கும்.

பெரிய, மூடிய இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு விண்டர்போர்ன் வியூ போதுமான சான்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்காக நடத்தப்பட்ட அந்தத் தனியார் மருத்துவமனையில் பணியாளர்கள் உள்ளிருந்தவர்களை வதைத்ததை, 2011-இல் பிபிசி மறைகேமரா மூலம் வெளிப்படுத்தியது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

நொய்யல்கரையார்:

அந்த எடுத்துக்காட்டு உங்கள் கருத்துக்கே எதிராக நிற்கிறது, தம்பி. விண்டர்போர்ன் வியூவில் இருந்தவை 24 படுக்கைகள். அது என் மகன் இருக்கும் இல்லத்தின் அளவில் பாதிகூட இல்லை. ஆகவே, சிறியது என்பதாலேயே ஓர் இடம் பாதுகாப்பானதாகிவிடாது. அங்கே ஒருவருக்கான கட்டணம் வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு. ஆகவே, பணம் கொட்டினால் தரம் வந்துவிடும் என்பதும் நிற்கவில்லை. உள்ளே வேலை செய்த செவிலியர் ஒருவர் முன்னரே புகார் எழுப்பியும் கண்காணிப்பு ஆணையம் அசையவில்லை. அளவும் பணமும் அரசுக் கண்காணிப்பும் காப்பாற்றவில்லை என்றால், வேறு எது காப்பாற்றும் என்று நீங்கள் சொல்கிறீர்கள்?

கோபி அம்மா:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதுவரை பேசியவர்கள் எல்லாரும் ஆண்பிள்ளைகளைப் பற்றியே பேசினீர்கள். என் மகளுக்கு அறிவுசார் குறைபாட்டுடன் வலிப்பும் உண்டு. எனக்கு இருக்கும் கேள்விகள் இரண்டுதான். இரவில் விழித்திருப்பவர் யார்? வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? நான் விசாரித்த இல்லங்களில், காவலாளி விழித்திருப்பார் என்று பெருமையாகச் சொன்னார்கள். வாயிற்கதவுக்கு அவர் காவல். என் மகளின் மூச்சுக்கு யார்? 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு, சண்டிகரில் அரசு நடத்திய காப்பகத்திலேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற, அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண்ணைப் பற்றியது. அவர் குழந்தையைப் பெற விரும்பியதை நீதிமன்றம் மதித்தது. ஆனால் அரசின் பாதுகாப்பில் இருந்தபோதே அவருக்கு அது நேர்ந்தது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கொடுமுடியாள்:

நொய்யல்கரை ஐயா, உங்கள் கேள்வி சரியானது. அதற்கான பதில் அந்த நிகழ்விலேயே இருக்கிறது. விண்டர்போர்ன் வியூவில் இருந்தவர்களைப் பார்க்க வந்த குடும்பத்தினர் வார்டுகளுக்குள்ளும் அவர்களுடைய அறைகளுக்குள்ளும் அனுமதிக்கப்படவில்லை. என் தம்பியை நான் முன்கூடத்தில் பார்த்ததும் அதே ஏற்பாடுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்தார்கள். அவர்கள் மனநோய்க்காகக் கொண்டுவிடப்பட்டவர்கள். நம் பிள்ளைகளின் நிலை வேறு என்பதை அறிவேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோயின் வரையறையில் அறிவுசார் குறைபாட்டைச் சேர்க்கவில்லை. ஆனாலும், உள்ளே இருப்பவருக்கு நெருக்கமான ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் அறைவரை போய்வர முடியாத இடம் எதுவாயினும், அங்கே நடப்பது நடத்துபவரின் மனசாட்சியை மட்டுமே நம்பியிருக்கிறது.

இன்னொன்று. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரின் தலைமையிலான உள்ளூர்க் குழு என்னைத் தம்பியின் சட்டப்படியான காப்பாளராக நியமித்தது. நியமிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் அவனுடைய சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்கையும் நான் தர வேண்டும். பங்காளிகள் கண்வைத்திருக்கும் அவனுடைய நிலத்துக்குச் சட்டம் கணக்குக் கேட்பது நல்லதுதான். அதே போல அவன் எடை எவ்வளவு, கடைசியாகப் பல்லைப் பார்த்தது எப்போது, எந்த மாத்திரை யாரால் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதற்கும் ஆண்டுக் கணக்குக் கேட்டிருந்தால், அவன் கை நடுங்கியதை நான் அத்தனை தாமதமாக அறிந்திருக்க மாட்டேன்.

நொய்யல்கரையார்:

யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அறைக்குள் போகலாம் என்றால், கோபி அம்மாவின் மகளுக்கு அது பாதுகாப்பா? என் மகனுக்கு அன்றாட ஒழுங்கு குலைந்தால் மூன்று நாள் உறக்கம் போய்விடும். அறிமுகமில்லாத முகங்கள் கூடத்துக்குள் நுழைவது அவனுக்கு வதை. நீங்கள் கேட்கும் சுதந்திரத்துக்கு அவன் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பவானிக்கூடல்:

இந்த மறுப்பை நான் மதிக்கிறேன், அண்ணா. அதனால்தான், வருபவர்கள் மாறிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் அவரை அறிந்த இரண்டு மூன்று பேரின் பெயரை முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டு, அவர்களுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடின்றிக் கதவைத் திறக்கலாம். பெண்கள் பகுதிக்குப் பெண்கள் மட்டுமே செல்லலாம். இல்லம் ஊருக்குள் இருந்தால் இது எளிது. ஊரைவிட்டு விலகி, பேருந்து வராத தோட்டத்தில் கட்டும்போது, நிலம் மலிவாகக் கிடைப்பதோடு பார்க்க வருபவர்களும் குறைந்துவிடுகிறார்கள். 18 வயதைக் கடந்தவர்களின் குழு இல்லங்களுக்காகத் தேசிய அறக்கட்டளை 'கரௌண்டா' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சில குடும்பங்கள் சேர்ந்து, உறவினர்கள் நடந்து வரும் தொலைவில் ஒரு வீட்டை நடத்தலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

நொய்யல்கரையார்:

சேர்ந்து நடத்தும் பெற்றோர் எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயதினர். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுவோம். அதன்பின் அந்த வீட்டின் வாடகையையும் ஊதியத்தையும் யார் தருவார்கள் என்பதற்குப் பதில் இல்லாதவரை, அறுபது பேர் கொண்ட, நிலையான நிர்வாகம் உள்ள இடத்தையே நான் நம்புவேன். இதில் என் கருத்து மாறவில்லை.

ஆயினும் அறைவரை போவது பற்றி அம்மணி எழுதியதை என் மனைவிக்குப் படித்துக்காட்டினேன். மகன் படுக்கும் கட்டிலை நாங்கள் இருவரும் இதுவரை பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எழுத்துமூலமாகக் கேட்கப் போகிறேன். எடை, பல், மருந்து ஆகியவற்றின் பதிவேட்டையும் கேட்பேன். அவனுக்கும் ஒரு மாத்திரை தருகிறார்கள். அது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. உங்கள் தம்பியின் மாத்திரையை நீங்கள் எப்படி நிறுத்தினீர்கள்?

கொடுமுடியாள்:

நாங்களாக நிறுத்தவில்லை ஐயா, நீங்களும் ஒருநாளும் அப்படிச் செய்துவிடாதீர்கள். திடீரென்று விட்டால் நிலைமை மோசமாகலாம். மனநல மருத்துவர் ஒருவர் முதலில் பல்லையும் வயிற்றையும் பார்க்கச் சொன்னார். பிறகு அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். ஒவ்வொரு முறை குறைத்த பின்பும் உறக்கம், உணவு, நடுக்கம், கோபம் ஆகியவற்றை ஒரு நோட்டில் நான் எழுதிவைத்தேன். கூட்டத்துக்குப் போகும்போது மருந்துச் சீட்டின் நகலைக் கையெழுத்துடன் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். எழுதிய மருத்துவரின் பெயர், தொடங்கிய தேதி, எதற்காக என்ற காரணம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'அமைதிக்காக' என்று மட்டும் இருந்தால், அன்றே வேறு ஒரு மருத்துவரிடம் மகனை அழைத்துப் போங்கள்.