டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி சொல்ற சரியான வாழ்க்கை எது?

கேள்வி: 1886ல வந்த, ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயோட இவான் இலியிச்சின் மரணம் கதையை இப்பதான் முடிச்சேன். நீதிபதி வேலை, நல்ல வீடு, பதவி உயர்வுன்னு எல்லாம் ஒழுங்கா போன மனுஷன், சாகப்போறப்ப நான் வாழ்ந்ததே தப்போன்னு யோசிக்கிறான், படிக்கவே நெஞ்சை அடைச்சிடுச்சு. அப்ப எதுதான் சரியான வாழ்க்கை?

பதில் 1: அந்தக் கதையில வர்ற வேலைக்காரன் கெராசிமை பாருங்க. வலி குறையணும்னு சில ராத்திரி பூரா இவானோட கால்களை தன் தோள்ல தாங்கிட்டே உக்காந்திருப்பான், டாக்டர், பொண்டாட்டி எல்லாரும் சரியாயிடும்னு நடிக்கிறப்ப பொய் சொல்லாத ஆள் அவன்தான். என்னைப் பொறுத்தவரை பதில் அங்கயே இருக்கு.

பதில் 2: இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியோட குற்றமும் தண்டனையும் நாவலைப் படிங்க. கோர்ட்டுக்கு முன்னாடியே, கொலை செஞ்ச ரஸ்கோல்னிகோவை மனசாட்சி தின்னுடும், குடும்பத்துக்காக உடம்பை வித்துப் பிழைக்கிற சோனியாங்கிற பொண்ணு சொல்லித்தான் சரணடைவான்.

பதில் 3: சோனியா தியாகத்தை மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல, குடும்பப் பசிக்கு அந்தப் பொண்ணுதான் பலியாகணுமா?