பதில்: ‘மெஷின்கன்’ – சட்டத்தில் வரும்போது தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள அக்காவுக்கும் குழுவினருக்கும்,

அமெரிக்கச் சட்டத்தில் வரும் ‘மெஷின்கன்’ என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் புதுச் சொல் வேண்டும் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘இயந்திரத் துப்பாக்கி’ ஊரறிந்த சொல். அதை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு ஒன்றைக் கட்ட வேண்டும், தம்பி?

நியாயமான கேள்விதான் அக்கா. போர்ச் செய்தி எழுதும்போது நானும் இயந்திரத் துப்பாக்கி என்றுதான் எழுதுகிறேன், அதை மாற்றப் போவதில்லை. அமெரிக்கச் சட்டத்தைத் தமிழாக்கும்போதுதான் அந்தச் சொல் காலை வாரிவிடுகிறது.

நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இதழுக்கு அமெரிக்க வழக்குச் செய்தி ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ‘ஐந்து இயந்திரத் துப்பாக்கிகள் வைத்திருந்தவர் கைது’ என்று தலைப்பு. பக்கம் வடிவமைத்தவர், பாவம், முக்காலியில் நிற்கிற, தோட்டாப் பட்டை தொங்குகிற பெரிய துப்பாக்கியின் படத்தை எடுத்துப் போட்டுவிட்டார். வழக்கில் பிடிபட்டவையோ ஐந்து சின்ன உலோகத் துண்டுகள். கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். துப்பாக்கி என்று ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனாலும் அந்தச் சட்டப்படி ஒவ்வொரு துண்டும் ஒரு ‘மெஷின்கன்’. ஆசிரியர் என்னைத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

காரணம், 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தில் உள்ள வரையறை. இன்று அது இருக்கிற வடிவில், விசையின் (விரல் வைத்துச் சுடும் ‘டிரிகர்’) ஒரே இயக்கத்தில், கையால் மறுபடி தோட்டா ஏற்றாமல், ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தானாகச் சுடும் எந்த ஆயுதமும் அதில் அடக்கம். அதோடு நிற்கவில்லை. அத்தகைய ஆயுதத்தின் உடற்சட்டகமும் மெஷின்கன்தான். சாதாரணத் துப்பாக்கியை அப்படி மாற்றுவதற்கென்றே செய்த உதிரிப் பாகமும் மெஷின்கன்தான். சட்டம் இதை இரண்டு சொல்லாகப் பிரிக்காமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறது. புழக்கத்தில் உள்ள சொல்லை எடுத்து, தனக்கென்று வேறு பொருள் கொடுத்துக்கொண்ட சொல் அது. நாமும் அதையே செய்தால் என்ன?

> ‘தானியங்கித் துப்பாக்கி’ போதுமே.

ஐயா சொன்ன இதையும் யோசித்தேன். இரண்டு தடங்கல். ‘ஆட்டோமேட்டிக் பிஸ்டல்’ என்று உலகமே சொல்லும் கைத்துப்பாக்கி உண்மையில் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு குண்டுதான் சுடும், அதாவது அரைத் தானியங்கி. அதைத் தானியங்கி என்று எழுதினால் சட்டத்தில் தலைகீழாகிவிடும். இரண்டாவது, ‘துப்பாக்கி’ என்ற ஈற்றுச் சொல் இருக்கும்வரை அந்த உலோகத் துண்டு உள்ளே வராது.

அதனால் என் முன்மொழிவு: தொடர்சுடுபொறி. பொறி என்றால் முழு இயந்திரமும் ஆகலாம், அதன் உள்ளமைப்பும் ஆகலாம். எலிப்பொறி அளவுக்குச் சிறிதாகவும் இருக்கலாம். துப்பாக்கிக்கும் துண்டுக்கும் ஒரே பெயர் வைக்க இதைவிடத் தோதான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரையறைக்குள் இருக்கும் இன்னொரு தொடர். மேலே ‘விசையின் ஒரே இயக்கத்தில்’ என்று எழுதினேன் அல்லவா, அங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் வழுக்குகிறோம். ‘விசையை ஒருமுறை அழுத்தினால்’ என்றுதான் கை தானாக எழுதும். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அப்படி எழுதினால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்குக்கு நாமே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

2017இல் லாஸ் வேகஸ் இசை நிகழ்ச்சியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ‘பம்ப் ஸ்டாக்’ என்னும் இணைப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பின்னுதைப்பும் சுடுபவர் மறுகையால் முன்னே தள்ளுவதும் சேர்ந்து துப்பாக்கி முன்னும் பின்னும் நகர, அசையாமல் வைத்த விரலில் விசை திரும்பத் திரும்ப வந்து மோதும். சுடுபவரைக் கேட்டால் ‘ஒருமுறைதான் அழுத்தினேன்’ என்பார். விசையைக் கேட்டால் ‘ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை போய்வந்தேன்’ என்னும். அமெரிக்க அரசின் மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகம் 2018இல் இந்த இணைப்பும் மெஷின்கன்தான் என்று விதி செய்தது. 2024 ஜூன் 14 அன்று கார்லண்ட் எதிர் கார்கில் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த விதி செல்லாது என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கிளாரன்ஸ் தாமஸ் விசையின் உள்ளமைப்பைப் படம் போட்டே விளக்கினார்: விசை ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குத் திரும்புகிறது, ஆக ஓர் இயக்கத்துக்கு ஒரு குண்டுதான். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர் பார்த்தது சுடுபவரின் செயலை. வழக்கு முழுக்க நின்றது இதில்தான்: இயக்கம் யாருடையது, விரலுடையதா விசையுடையதா?

‘ஒருமுறை அழுத்தினால்’ என்று தமிழாக்கினால் விரலின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று அர்த்தம். அது நம் வேலை இல்லை. மூலத்தில் உள்ள மூட்டம் தமிழிலும் இருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இதை வேறு மாதிரி சொல்லியிருக்கிறது. விசையில் அழுத்தம் கொடுத்தால், அந்த அழுத்தம் விலகும்வரை அல்லது தோட்டாக் கூடு காலியாகும்வரை தொடர்ந்து சுடும்படி அமைந்த துப்பாக்கிகள் ‘தடைசெய்யப்பட்ட படைக்கலன்கள்’. இங்கே பேச்சு அழுத்தத்தைப் பற்றியது. ஆக இந்தியச் சட்டத்துக்கு ‘அழுத்தினால்’ சரி, அமெரிக்கச் சட்டத்துக்குத் தவறு. இரண்டையும் ஒரே தொடரால் மொழிபெயர்த்து வைத்த ஒரு பட்டியல் என் மேசையிலேயே இருக்கிறது. தொகுத்தவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

இன்னொரு சங்கடம், ‘விசை’ என்ற சொல்லே. இயற்பியலில் அதுதான் பொருளைத் தள்ளுகிற, இழுக்கிற ‘ஃபோர்ஸ்’. ‘விசையின் மீது விசை செலுத்தினால்’ என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். பழைய ஆட்கள் ‘குதிரை’ என்பார்கள், ஆனால் அது மேலே அடிக்கும் சுத்தியலையும் குறிக்கும். ஈழத்து எழுத்தில் ‘விசைவில்’ என்று அழகாக ஒன்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம் என்பது என் கட்சி. அமெரிக்கத் தொடருக்கு ‘விசைவில்லின் ஒற்றை இயக்கம்’, இந்தியத் தொடருக்கு ‘விசைவில்லில் தரும் அழுத்தம்’.

சரி, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

‘உரிமம் பெற்ற இயந்திரத் துப்பாக்கி’ என்று எழுதுவதை விட்டுவிடலாம். இந்தியாவில் உரிமம் ஆளுக்கு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் வாங்கும் ஆளுக்கு உரிமம் என்று எதுவும் கிடையாது. கைரேகையும் படமும் வைத்து விண்ணப்பித்து, பின்னணிச் சோதனை முடிந்து, 200 டாலர் வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு வில்லை கிடைக்கும். பதிவாவது பொருள், அதன் வரிசை எண்ணோடும் உடையவர் பெயரோடும். எனவே ‘பதிவுற்ற’ என்பதே சரி. ‘டாக்ஸ் ஸ்டாம்ப்’ என்பதைப் போன வாரம் ஒருவர் ‘வரித் தபால்தலை’ என்று எழுதியிருந்தார். நீதிமன்றக் கட்டண வில்லை என்று நமக்கு ஏற்கெனவே இருக்கும்போது வரிவில்லை போதாதா? அந்த 200 டாலர் 1934இல் வாங்கவே விடாமல் செய்யும் தொகை. அதன் பிறகு ஏற்றவே இல்லை. 2026 ஜனவரி 1 முதல் ஒலியடக்கிக்கும் குட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கும் அது சுழியமாகிவிட்டது. தொடர்சுடுபொறிக்குப் பழைய 200 அப்படியே நிற்கிறது. இது கூட்டாட்சி அளவில்தான். சில மாநிலங்கள் தம் பங்குக்குத் தனியே தடை வைத்திருக்கின்றன.

‘டிரான்ஸ்பரபிள்’ என்பதற்குக் ‘கைமாறத்தக்க’ என்று அக்கா தந்ததை அப்படியே ஏற்கிறேன். 1986 மே 19 அன்று நடப்புக்கு வந்த தடைக்கு முன்பே சட்டப்படி பதிவானவற்றைத்தான் பொதுமக்கள் தங்களுக்குள் விற்க வாங்க முடியும். புதிதாக ஒன்றும் அந்தக் கணக்கில் சேராது. அதனால்தான் ஒவ்வொன்றும் பல்லாயிரம் டாலர் விலை போகிறது. ‘விற்கத்தக்க’ என்றால் ஏதோ கடைச் சரக்கு மாதிரி தொனிக்கிறது.

> ‘கிராண்ட்ஃபாதர்டு’ என்பதற்குத் ‘தாத்தா விதி’ வைக்கலாமா? :)

வேண்டவே வேண்டாம் ஐயா, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்க எழுத்தறிவுத் தேர்வு வைத்து, பாட்டன் காலத்திலேயே வாக்குரிமை இருந்த வீட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுத்த விதிகளிலிருந்து வந்த பெயர் அது. ஒக்லஹோமாவின் அத்தகைய விதியை உச்ச நீதிமன்றம் 1915இல் தள்ளிவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? புதுத் தடைக்கு முன்பே வைத்திருந்தவர்களுக்குக் கொடுக்கும் விலக்குக்கு ‘முன்னிருப்பு விலக்கு’ என்றால் விஷயம் முழுசாக வந்துவிடுகிறது. கனடாவில் 1978க்கு முன் பதிவான தொடர்சுடும் துப்பாக்கிகளை வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல் பொருந்தும். அப்புறம், கனடாச் சட்டம் ‘ரெஸ்ட்ரிக்டட்’, ‘புரொஹிபிட்டட்’ என்று இரண்டு வகுப்புகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. எனவே முதலாவதைக் ‘கட்டுப்பாட்டுக்குரிய’ என்றும் இரண்டாவதைத் ‘தடைசெய்யப்பட்ட’ என்றும் பிரித்தே வைப்போம். நம் நாளிதழ்கள் இரண்டுக்கும் ‘தடை’ என்றே எழுதிவிடுகின்றன.

எனக்கு இன்னும் தீராத சந்தேகம் ஒன்று. தொடர்சுடு + பொறி என்று நான் நினைத்துக் கட்டினேன். என் மனைவி அதைத் தொடர் + சுடுபொறி என்று படித்தாள். அவள் சொல்படி வரிசையாக நிறுத்தி வைத்த அடுப்புகள் மாதிரி இருக்கிறதாம். ‘தொடர்சுடு பொறி’ என்று இடைவெளி விட்டு எழுதலாமா, அல்லது ‘தொடர்சூட்டுப் பொறி’ என்று மாற்றிவிடலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பட்டியலில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
தம்பி