பண்ணைக்குள் இருந்தவர்கள் சொல்லுங்கள்: கிட்டத்தில் பார்த்தது என்ன?

முன்னாள் சூப்பர்வைசர்

இறைச்சிக்கு வளர்க்கும் விலங்குகளைப் பற்றி வெளியிலிருந்து பேசுகிறவர்கள் முதலில் ஒரு கொடுமைக்காரனைத் தேடுகிறார்கள். நான் வேலை பார்த்த கறிக்கோழி ஷெட்டில் அப்படி ஒருவரும் கிடையாது. கோழியை உதைத்தவனையோ வீசி எறிந்தவனையோ நான் பார்த்ததில்லை. அடிபட்ட கோழிக்குக் காசு பிடிப்பார்கள், யார் செய்வார்கள்? ஆனாலும் அங்கே வலி இருந்தது, தினமும் இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் ஷெட்டுக்குள் ஒரு நடை போனால் தெரியும். சில கோழிகள் நாம் கிட்டே போனதும் எழுந்து விலகும். சில எழுந்து இரண்டடி வைத்து மறுபடி உட்கார்ந்துவிடும். சில இறக்கையை ஊன்றி நகரப் பார்க்கும். இந்தக் கடைசி ரகத்தைப் பொறுக்கிக் கழிப்பதுதான் காலையில் முதல் வேலை. கையில் தூக்கிப் புரட்டினால் நெஞ்சில் இறகு இருக்காது, சிவந்த தோல் மட்டும். கணுக்கால் மூட்டில் கறுப்பாக ஒரு காய்ப்பு. எச்சத்தில் ஊறிய கூளத்தின் மேலேயே உட்கார்ந்து கிடந்ததால் வெந்துபோன இடம் அது. கோழியின் உயரத்துக்குக் குனிந்தால் அம்மோனியாவில் கண் எரியும்; நிமிர்ந்து நின்றால் அவ்வளவு தெரியாது. ஷெட்டைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரும் நின்றபடிதான் பார்ப்பார்கள்.

ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஊசியே தேவையில்லை, எல்லாம் முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978 காலத்துக் கறிக்கோழி இனங்களை அப்படியே மாற்றாமல் காத்து வைத்திருக்கிறார்கள். அவற்றோடு 2005-இன் வணிக இனத்தையும் சேர்த்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். சதை நாலரை மடங்கு ஏறிவிட்டது. காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன.

வலிக்கிறது என்று கோழி வாய் திறந்து சொல்லாது. இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர்கள் அதையே கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு நிறத் தீவனம் வைத்து, ஒன்றில் கார்ப்ரோஃபென் என்ற வலி மருந்தைக் கலந்தார்கள். நொண்டும் கோழிகள் மருந்து கலந்ததை அதிகம் தேடித் தின்றன; நொண்டல் கூடக்கூட அந்தப் பங்கும் கூடியது. 2000-இல் வந்த ஆய்வு இது. அதைப் படித்த பிறகு "அதுக்கெல்லாம் அவ்வளவு தெரியாது" என்று யார் சொன்னாலும் எனக்குப் பேசவே பிடிப்பதில்லை.

இன்னொன்று. இந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழிகளுக்கு வயிறு நிறையத் தீவனம் போட முடியாது. போட்டால் அவையும் இதேபோல ஊதி, நிறைய செத்துப்போகும். அதனால் அளந்துதான் போடுவார்கள். சில நிமிடங்களில் தொட்டி காலி. அப்புறம் நாள் முழுக்கக் காலித் தொட்டியைக் கொத்துகிற சத்தம். அவை எப்போதும் பசியிலேயே இருப்பவை. பட்டினி போட்டுத்தான் உயிரோடு வைத்திருக்க முடியும் என்கிற மாதிரி ஓர் இனத்தை உருவாக்கி வைத்திருக்கிறோம்.

பண்ணைக்காரர்

சூப்பர்வைசர் சார் சொன்னது சரி. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவன் நான். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. ஷெட்டும் கடனும் மட்டும் என்னுடையது. எந்த இனம் வரும் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை.

என் கையில் இருந்தது வெளிச்சம் மட்டும். முன்பெல்லாம் கிட்டத்தட்ட இருபத்து நாலு மணி நேரமும் விளக்கு எரியும், தின்றுகொண்டே இருக்கட்டும் என்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007 விதியில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் இருட்டு, அதில் நாலு மணி நேரம் இடைவிடாமல் வேண்டும் என்று இருப்பதைப் படித்துவிட்டு நானும் இரவில் அணைக்கத் தொடங்கினேன். முதல் வாரங்களில் எடை கொஞ்சம் பின்தங்கும், அப்புறம் சேர்ந்துகொள்ளும். கால் விழுந்து கழிக்க வேண்டியவை குறைந்தன.

லோடு ஏற்றுகிற ராத்திரியைப் பற்றியும் யாராவது எழுதவேண்டும். பிடிக்க வருகிறவர்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி. ஒற்றைக் காலைப் பிடித்து, ஒரு கைக்கு மூன்று நான்கு என்று தலைகீழாகத் தொங்கவிட்டு ஓடுவார்கள். அத்தனை எடையும் அந்த இடுப்பு மூட்டில். நிதானமாக, உடம்போடு சேர்த்து இரண்டு கையாலும் தூக்குங்கள் என்று சொன்னால், லாரி விடிவதற்குள் கிளம்ப வேண்டும் என்பார்கள். அதுவும் உண்மைதான், வெயில் ஏறினால் வண்டியிலேயே செத்துப்போகும். கூலியை மணிக்கணக்குக்கு மாற்றினால் பாதி எலும்பாவது தப்பிக்கும் என்பது என் எண்ணம்.

கால்நடை மருத்துவர்

என் அனுபவம் கோழியில் இல்லை, மாட்டுக் கசாப்புக்கூடத்தில். ஆய்வுப் பணிக்குப் போன இடத்தில் மாடுகள் ஒரு வளைவில் வந்து நின்றுவிடும். ஆட்கள் ஷாக் குச்சியால் குத்துவார்கள், மாடு கத்தும், பின்னால் வருவது மிரளும், வழுக்கி விழும். மேலாளர் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் விலங்கு நடத்தை நிபுணர் டெம்பிள் கிராண்டின் இந்த மாதிரி இடங்களில் செய்வதைத்தான் நானும் செய்தேன்: மாடு வரும் பாதையில் மாட்டின் கண் உயரத்தில் நடந்தேன். வளைவு திரும்பியதும் தரையில் தேங்கிய தண்ணீரில் விளக்கின் பளிச்சென்ற பிரதிபலிப்பு. பக்கத்தில் ஒரு சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது. சங்கிலியைக் கழற்றி, விளக்கை நகர்த்தி, தரையில் பிடிமானம் போட்டதும் பெரும்பாலான மாடுகள் தாமாகவே நடந்தன. ஷாக் குச்சிக்கு அனேகமாக வேலையே இல்லை.

கிராண்டின் இதற்கு எண்ணிப் பார்க்கும் முறை ஒன்றையும் கொண்டுவந்தார். நூறு மாடுகளில் எத்தனை கத்துகின்றன, எத்தனை விழுகின்றன, எத்தனை முதல் அடியிலேயே உணர்விழக்கின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். "நன்றாக நடத்துகிறோம்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எண்ணத் தொடங்கினால் மழுப்ப முடியாது.

இதனால் கொல்வது சரியாகிவிடுமா என்று என் மகள் கேட்கிறாள். ஆகாது. அது வேறு கேள்வி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நாளை காலை அந்த வளைவில் வரப்போகிற மாட்டுக்கு அந்தச் சங்கிலி முக்கியம்.

முட்டைப் பண்ணை ஊழியர்

கூண்டுக் கோழி மண் குளிப்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? மண்ணே இல்லாமல். கம்பி மேல் படுத்து, இறகைச் சிலிர்த்து, அலகால் தீவனத் தொட்டியிலிருந்து துகளை இழுத்து இழுத்துத் தன் மேல் போடுவது மாதிரி செய்யும். எதுவும் விழாது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து. பிறந்தது முதல் மண்ணையே பார்க்காத கோழியும் இதைச் செய்யும்.

கோழிக்கு எது வேண்டும் என்று நாமாக முடிவுசெய்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965-இல், விலங்குக்கு எழ, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று எழுதியது. அருமையான அறிக்கை. அதே குழு கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை ஆகாது, தடித்த கம்பி வேண்டும் என்றும் சொன்னது. 1973-இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். கோழிகள் அந்த மெல்லிய வலையைத்தான் விரும்பின! காலுக்கு அதிக இடங்களில் தாங்கல் கிடைத்ததாம்.

பழைய வெற்றுக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை செய்தது. நல்லது. ஆனால் 'கூண்டில்லா முட்டை' என்று அட்டையில் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அடுக்கடுக்கான பரண்களில் இறங்கி ஏறும்போது மார்பெலும்பு முறிவது அங்கே பெரிய பிரச்சினை. ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வது அங்கேயும் உண்டு. ஜெர்மனி 2022 முதல் அதைத் தடுத்திருக்கிறது. அங்கே பொரிப்பதற்கு முன்பே, முட்டையிலேயே பாலினம் கண்டுபிடிக்கிறார்கள்.

முன்னாள் சூப்பர்வைசர்

அட்டையைப் பற்றிச் சொன்னது கறிக்கோழிக்கும் பொருந்தும். வேகமாக வளரும் இனத்தைத் திறந்தவெளியில் விட்டாலும் பெரும்பாலானவை கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும், நடக்க முடிந்தால்தானே போகும். அதனால் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது எந்த இனம் என்பதை. எத்தனை நாளில் எத்தனை கிலோ என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

மெதுவாக வளரும் இனத்துக்குக் கூடுதல் வாரங்கள், கூடுதல் தீவனம், கூடுதல் இடம். அந்தச் செலவைப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டினால் நடக்காது, அதில் அவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நெதர்லாந்தில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் எல்லாமே பச்சைக் கோழியிறைச்சிக்கு மெதுவாக வளரும் இனத்துக்கு மாறின. ஒரு கடை மட்டும் மாறியிருந்தால் பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாடிக்கையாளர் போயிருப்பார். எல்லோரும் மாறியதால் போக இடமில்லை.