'கேம்பிட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

வியாழனுக்குள் பள்ளிச் சதுரங்க வகுப்புக்கு ஒரு தாள் அடிக்க வேண்டும். 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியில் ஃபிஷர், ஸ்பாஸ்கியோடு ஆடிய 6ஆவது ஆட்டம். வழக்கமாக ராஜாவுக்கு முன்னிருக்கும் சிப்பாயை நகர்த்துகிற ஃபிஷர் அன்று ராணிப்பக்கச் சிப்பாய் ஒன்றைச் சி4 கட்டத்துக்கு நகர்த்தினார், மூன்றாவது நகர்வில் இன்னொன்றை டி4க்கு. இந்தத் தொடக்கத்துக்குப் பெயர் 'குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட்'. ஆட்டத் தொடக்கத்தில் நல்ல நிலை பெறுவதற்காக ஒரு காயைக் கொடுக்க முன்வருவது கேம்பிட், எதிராளி அதை வெட்டாமல் விட்டால் டிக்ளைன்ட். 'ராணிப் பலி மறுப்பு' என்று கரும்பலகையில் எழுதினேன். "ராணி அதே கட்டத்துலதான சார் நிக்குது, யாரைப் பலி கொடுத்தாங்க?" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண். அவள் கேட்டது சரி. கொடுக்க முன்வருவது சி4 சிப்பாயை. நல்ல சொல் வேண்டும்.

----

களப்பலி என்க. பாரதப் போருக்கு முன் அரவானைக் கொடுத்தார்களே, அது. 'சிப்பாய்' பாரசீகம், காலாள் இருக்கிறான். தொடக்கத்தையே 'வெட்சி' எனலாம், ஆநிரை கவர்வதில்தானே புறத்திணைப் போர் தொடங்குகிறது! தற்காப்புக்கு, மதில் காக்கும் திணையான நொச்சி. 'பிரெஞ்சு டிஃபென்ஸ்' என்ற தொடக்கத்தைப் 'பிரெஞ்சு நொச்சி' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

----

ஐயா, சொல்லிப் பார்த்தேன், அழகுதான். ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் புறத்திணை நடத்த வேண்டிவரும். அப்புறம், களப்பலி போனால் போனதுதான். இங்கே கறுப்பு சி4ஐ வெட்டினாலும் வெள்ளை பெரும்பாலும் பதிலுக்கு ஒரு சிப்பாயை வெட்டிக் கணக்கைத் தீர்த்துவிடும். 'கேம்பிட்' என்பதன் இத்தாலிய மூலத்துக்குக் காலை இடறிவிடுவது என்று பொருள். 'காலைவாரல்' என்றால் நம்மிடம் துரோகம் ஆகிவிடும். எனவே தூண்டில். குறளின் சூது அதிகாரத்திலேயே 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' என்று வருகிறது. கவ்வினால் தூண்டில் ஏற்பு, விட்டால் தூண்டில் மறுப்பு.

----

சூதைப் பழிக்கும் குறளைச் சதுரங்கத்துக்கு இழுப்பது தகாது. தூண்டிலில் முள் மறைந்திருக்கும். பலகையில் எதுவும் மறைவில்லை. அந்த ஆட்டம் முடிந்ததும் ஸ்பாஸ்கியே அரங்கத்தோடு சேர்ந்து கைதட்டினார். தூண்டிலில் சிக்கியவர் கைதட்டுவாரா?

----

கைதட்டல் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஸ்பாஸ்கி அந்தச் சிப்பாயை வெட்டவில்லையே, ஈ6, டி5 என்று அரண் கட்டிக்கொண்டார். நான்கு பேர் தூண்டில் என்கிறீர்கள், இரண்டு பேர் களப்பலி. 'ராணிப்பக்கத் தூண்டில் மறுப்பு' என்று அடித்துவிட்டேன், கீழே 'கேம்பிட்' என்றும் போட்டிருக்கிறேன். சிப்பாய் சிப்பாயாகவே இருக்கிறான்.

----

என் வாக்கு இன்னும் களப்பலிக்குத்தான். அடுத்த தாள் அடிக்கும் முன் சொல்லுங்கள்.